பென்சில் குறிப்புகளையும் எண்ணுங்கள்: தொற்றுநோய் அறிக்கை தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொதுச் சுகாதார அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

ஆண்டுதோறும் நீங்கள் வெளியிடும் தொற்றுநோய் அறிக்கையை அட்டை முதல் அட்டை வரை படிக்கும் மிகச் சிலரில் நானும் ஒருவன். இருபத்தெட்டு ஆண்டுகள் ஒரு மருத்துவமனையின் பதிவேட்டு அறையில் உட்கார்ந்து, டிஸ்சார்ஜ் ஆனவர்களின் கோப்புகளையும் இறந்தவர்களின் கோப்புகளையும் புரட்டி, ஒவ்வொன்றின் மேலும் நோய்க்குறியீடு எழுதியவன் நான். உங்கள் அட்டவணைகளில் இருக்கும் எண்கள் என்னைப் போன்றவர்களின் மேசையிலிருந்துதான் கிளம்புகின்றன. வழியில் அவை எதை உதிர்த்துவிட்டு உங்களிடம் வந்து சேர்கின்றன என்பதும் எங்களுக்குத் தெரியும்.

உங்கள் அறிக்கையில் கிருமியின் பெயர் இருக்கிறது. எத்தனை பேருக்கு, எந்த வயதில், ஆணா பெண்ணா, எந்த மாதத்தில் கூடியது, எந்த மருந்துக்கு அடங்கவில்லை என்பதெல்லாம் இருக்கிறது. வண்ணப் படங்களும் உண்டு. செப்சிஸ் (தொற்று முற்றி உடலின் உறுப்புகளே செயலிழக்கும் நிலை) வந்து இறந்தவர் எப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தார், ஓர் அறையில் எத்தனை பேர் படுத்திருந்தார்கள், காய்ச்சல் தொடங்கி எத்தனையாவது நாளில் வந்தார், ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அவர் வீட்டில் என்ன நடக்கும் என்பது மட்டும் எங்கும் இல்லை. கிருமிகள் மழையைப் போல எல்லார் வீட்டுக் கூரையிலும் ஒரே அளவில் பெய்தன என்று நம்பிக்கொண்டுதான் இந்த அறிக்கையைப் படிக்க வேண்டியிருக்கிறது.

நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பு எனக்கு மனப்பாடம். ஏ15 முதல் ஏ19 வரை காசநோய். ஏ39 மெனிங்கோகாக்கஸ் கிருமியால் வரும் தொற்று. ஏ41 செப்சிஸ். ஜி00 பாக்டீரியாவால் வரும் மூளையுறை அழற்சி. ஜே13 நிமோகாக்கஸ் நிமோனியா. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதே புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில், ஆங்கில எழுத்துகளிலும் கடைசியான இசட்டின் கீழ், 59 என்றொரு எண் இருக்கிறது. வீடின்மை இசட் 59.0. வாழத் தகுதியற்ற வீடு 59.1. போதிய உணவின்மை 59.4. கடும் வறுமை 59.5. குறைந்த வருமானம் 59.6. யாரோ உட்கார்ந்து யோசித்து, உலக நாடுகளெல்லாம் ஒப்புக்கொண்டு அச்சிட்ட எண்கள் இவை. என் இருபத்தெட்டு ஆண்டுகளில் இவற்றை நான் எழுதிய தருணங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். மருத்துவர் கோப்பில் எழுதியதற்குத்தான் நான் குறியீடு இட முடியும். நானாக எதையும் சேர்க்கக் கூடாது. மருத்துவர் எழுதவில்லை, ஏனெனில் யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை, ஏனெனில் உங்கள் அறிக்கையில் அதற்குப் பத்தி இல்லை. உங்களைக் கேட்டால், கீழிருந்து தரவு வரவில்லையே என்பீர்கள். செக்குமாடு கூட இத்தனை ஒழுங்காகச் சுற்றாது.

ஆனாலும் சிலர் எழுதினார்கள். பெரும்பாலும் செவிலியர்கள், பெரும்பாலும் பென்சிலில். ஒரு கோப்பு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. நாற்பதைத் தாண்டாத ஓர் ஆண். நிமோகாக்கஸ் கிருமி இரத்தத்தில் இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது நாள் இருந்து இறந்துபோனார். நான் ஏ40.3, நிமோகாக்கஸால் வந்த செப்சிஸ், என்று எழுதினேன். சேர்க்கைத் தாளின் ஓரத்தில் பென்சிலில் ஒரு வரி: ‘ஒரே அறையில் ஏழு பேர். ஐந்து நாள் காய்ச்சலோடு வேலைக்குப் போயிருக்கிறார்.’ அதற்குக் குறியீடு இடும் அதிகாரம் எனக்கு இல்லை. கோப்பை மூடி அடுக்கினேன்.

சில மாதங்கள் கழித்து வேறொரு கோப்பில் முகவரியை எழுதும்போது என் கை தயங்கியது. எங்கோ எழுதிய முகவரி. தேடிப் பார்த்தேன். அதே வீடுதான். இம்முறை ஒரு குழந்தை, மார்பு முழுவதும் சளி, பிழைத்துக்கொண்டது. அதே ஆண்டின் இறுதியில் அந்த முகவரியிலிருந்து ஒரு மூதாட்டி, காசநோய். மூன்று கோப்புகள், மூன்று குறியீடுகள், உங்கள் அறிக்கையில் மூன்று வெவ்வேறு அட்டவணைகள். மூன்று அட்டவணைகளையும் இணைத்தது அந்த ஓர் அறைதான். அதற்கு எந்த அட்டவணையிலும் இடமில்லை.

என் கோரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். செப்சிஸ், நிமோனியா, மூளையுறை அழற்சி, காசநோய் போன்ற கடுமையான தொற்றுகளைப் பற்றி நீங்கள் வெளியிடும் ஒவ்வொரு எண்ணையும், வயது வாரியாகப் பிரிப்பது போலவே, நோயாளி வாழ்ந்த பகுதியின் இல்லாமை அளவு வாரியாகவும் பிரித்து வெளியிடுங்கள். ‘இல்லாமை’ என்று நான் சொல்வது பணமின்மையை மட்டும் அல்ல. நெரிசலான வீடு, நிலையற்ற வேலை, கல்வி கிட்டாமை, மருத்துவமனையின் தூரம், கேள்வி கேட்டால் அதட்டுவார்களோ என்ற பயம் எல்லாம் சேர்ந்த ஒரு நிலை அது. அதை அளக்க முடியும், அளந்தும் இருக்கிறார்கள்.

இது புதுக் கோரிக்கையும் இல்லை. 1820களில் லூயி ரெனே வில்லர்மே என்ற மருத்துவர், பாரிஸ் நகரத்தின் பன்னிரண்டு வட்டங்களில் இறப்பு வீதம் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது என்று ஆராய்ந்தார். ஆற்றுக்கு அருகில் இருப்பதாலா? மேடு பள்ளமா? காற்றின் திசையா? நெரிசலா? அக்காலத்து மருத்துவம் சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார், ஒன்றும் பொருந்தவில்லை. பிறகு வரிக் கணக்கை எடுத்தார். வாடகை மிகக் குறைவு என்பதால் வரி விதிக்கப்படாத வீடுகள் எந்த வட்டத்தில் எத்தனை பங்கு என்று பார்த்தார். அந்தப் பங்கு கூடக் கூட இறப்பும் கூடியது. இறப்புப் பதிவேட்டையும் வரிப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தார், அவ்வளவுதான். வில்லர்மே தாராளவாதப் பொருளியலில் நம்பிக்கை கொண்டவர். அரசு தலையிட வேண்டும் என்று உரக்கச் சொல்லத் தயங்கினார். கணக்கு சரி, முடிவு அரைகுறை என்பது என் எண்ணம். ஆனால் கணினியும் இல்லாத காலத்தில் அவர் விரித்த இரண்டு பதிவேடுகளை நாம் இன்றும் தனித்தனி அலமாரிகளில் பூட்டி வைத்திருக்கிறோம்.

1848-இல், அன்று பிரஷ்யாவிலும் இன்று பெரும்பாலும் போலந்திலும் இருக்கும் மேல் சைலீசியாவில் டைபஸ் காய்ச்சல் பரவியபோது பிரஷ்ய அரசு ருடால்ஃப் ஃபிர்ஷோ என்ற இருபத்தாறு வயது மருத்துவரை அனுப்பியது. மருந்துப் பட்டியலோடு வருவார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவர் கல்வியும் தன்னாட்சியும் சாலையும் வரிச் சீர்திருத்தமும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். பிற்காலத்தில் நோயை உயிரணுவுக்குள் தேடச் சொன்னவரும் இதே ஃபிர்ஷோதான். நுண்ணோக்கியில் கண் வைத்தவருக்கு வீட்டுக்குள் பார்க்கவும் தெரிந்திருந்தது.

பிறகு 1882 மார்ச் 24 அன்று ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை உலகுக்கு அறிவித்தார். மாபெரும் கண்டுபிடிப்பு, அதில் எனக்கு ஐயமே இல்லை. கிருமி இல்லாமல் காசநோய் இல்லை. ஆனால் உங்கள் அட்டவணைகளின் தலைப்புகள் அந்த நாளில் உறைந்துபோனவை என்று எனக்குத் தோன்றும். ஒரு நோய், ஒரு கிருமி, ஒரு வரிசை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காசநோய் இறப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சரியத் தொடங்கியது. அதைக் கொல்லும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1940களில்தான் வந்தது. இடைப்பட்ட சரிவுக்கு உணவு எவ்வளவு காரணம், வீடும் துப்புரவும் எவ்வளவு காரணம் என்று அறிஞர்கள் இன்னமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சண்டை தீராததற்கு ஒரு காரணம், அக்காலத்துப் பதிவேடுகளிலும் நோயின் பெயர் இருந்த அளவுக்கு வாழ்க்கை பதிவாகவில்லை என்பதுதான் என்று ஒரு பதிவேட்டுக்காரனாக நான் சந்தேகிக்கிறேன்.

பதிவான இடங்களில் உண்மை தானாக வெளிவந்திருக்கிறது. 1918 இன்ஃபுளுவென்சா ஏழை பணக்காரன் பார்க்காமல் கொன்றது என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். நார்வேயில், அன்று கிறிஸ்தியானியா என்று அழைக்கப்பட்ட ஒஸ்லோ நகரத்தின் பதிவுகளைப் பின்னாளில் ஆராய்ந்தபோது, குறைவான அறைகள் கொண்ட வீடுகளில் வாழ்ந்தவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது தெரிந்தது. எத்தனை அறை என்று யாரோ ஒரு எழுத்தர் எழுதி வைத்திருந்தார். அந்த எழுத்தருக்கு என் வணக்கம்.

2020-இல் கோவிட் வந்தபோதும் ‘இந்தக் கிருமிக்கு எல்லாரும் சமம்’ என்ற பேச்சு கிளம்பியது. இங்கிலாந்தில் அந்தப் பேச்சுக்கு ஆயுள் குறைவு. மார்ச் 1 முதல் ஏப்ரல் 17 வரையிலான கோவிட் இறப்புகளைப் பகுதிகளின் இல்லாமை அளவோடு இணைத்து, அந்நாட்டின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் மே 1 அன்றே வெளியிட்டுவிட்டது. மிகவும் பின்தங்கிய பகுதிகளில் லட்சம் பேருக்கு 55.1 இறப்புகள், மிக வசதியான பகுதிகளில் 25.3. வயது வேறுபாட்டைக் கழித்த பிறகும் இரண்டு மடங்குக்கு மேல். இரண்டே வாரத்தில் எப்படி முடிந்தது? நாடு முழுவதையும் சராசரியாக 1,500 பேர் வாழும் சிறு பகுதிகளாகப் பிரித்து, வருமானம், வேலை, கல்வி, உடல்நலம், குற்றம், வீட்டுவசதியும் சேவைகளும், வாழும் சூழல் என்ற ஏழு அளவுகோல்களால் ஏற்கெனவே தரவரிசை போட்டு வைத்திருந்தார்கள். முகவரியைப் பொருத்தினால் போதும். தீயணைப்பு வண்டியைத் தீப்பிடித்த பிறகு வாங்கவில்லை.

இனி, இல்லாமை எப்படி நோய்ச்சுமையாக மாறுகிறது என்பதைப் பற்றி. பாடநூல் அத்தியாயமாக அல்லாமல், கோப்புகளில் நான் பார்த்த வரிசையில் சொல்கிறேன்.

முதலில் நெரிசல். இதை விளக்க வேண்டியதே இல்லை. காற்றோட்டமில்லாத அறையில் இருமுகிறவரோடு எட்டு மணி நேரம் தூங்கினால் கிருமி அதிகம் உள்ளே போகும். நோயாளியைத் தனிமைப்படுத்துங்கள் என்று மருத்துவர் எழுதிக் கொடுப்பார். எந்த அறையில் என்று எழுத மாட்டார்.

இரண்டாவது, நோய் வருமுன்பே பலவீனப்பட்ட உடல். உலக அளவில் காசநோயைத் தள்ளிவிடும் முதன்மைக் காரணங்களாக உலக சுகாதார நிறுவனம் தொடர்ந்து சுட்டுவது ஐந்து: ஊட்டக்குறைவு, எச்ஐவி, மது, புகை, நீரிழிவு. ஐந்தும் வசதி குறைந்தவர்களைச் சுற்றியே அதிகம் வட்டமிடுகின்றன. ஊட்டக்குறைவு வெறும் ‘தொடர்பு’தானா, காரணமேதானா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் 2023-இல் கிடைத்தது. இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்தில் காசநோயாளிகளின் வீடுகளில் வாழ்ந்த 10,345 பேரை இரண்டு தொகுதிகளாகப் பிரித்தார்கள். ஒரு தொகுதியினருக்கு மாதந்தோறும் உணவுப் பொருள்களும் நுண்சத்து மாத்திரைகளும் கொடுத்தார்கள். நோயாளிகளுக்கு இரண்டு தொகுதிகளிலுமே உணவு கிடைத்தது. வேறுபாடு வீட்டிலிருந்த மற்றவர்களுக்குத்தான். உணவு பெற்ற தொகுதியில் புதிதாகக் காசநோய் வந்தவர்கள் 39 சதவீதம் குறைவு. தொற்றக்கூடிய, ஆய்வகத்தில் உறுதியான நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைவு. ஒரு தடுப்பூசி இந்த எண்ணைக் காட்டியிருந்தால் அது எத்தனை தலைப்புச் செய்திகளைப் பிடித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, தாமதம். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

செப்சிஸ் சிகிச்சையில் மணி நேரம் என்பது மதம் போன்றது. செப்டிக் அதிர்ச்சியில் இரத்த அழுத்தம் விழுந்த பிறகு முதல் ஆறு மணி நேரத்தில், சரியான ஆன்டிபயாடிக் மருந்து தாமதமாகும் ஒவ்வொரு மணிக்கும் பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 7.6 சதவீதம் குறைந்ததாக 2006-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. அந்த எண்ணின் அளவைப் பற்றிப் பிறகு விவாதங்கள் எழுந்தன. திசையைப் பற்றிப் பெரிதாக எழவில்லை. அன்று முதல் மருத்துவமனைகள் கடிகாரத்தோடு நடக்கின்றன. நோயாளி வாசலுக்கு வந்த நேரம், முதல் ஊசி போட்ட நேரம், இடைவெளி எத்தனை நிமிடம். எங்கள் கோப்புகளில் இதற்கென்றே ஒரு தாள் வந்தது. தணிக்கையில் அந்தத் தாள் இல்லாவிட்டால் கேள்வி எழும்.

அந்தக் கடிகாரம் வாசலில்தான் ஓடத் தொடங்குகிறது. நான் சொன்ன மனிதர் வாசலுக்கு வந்து நாற்பது நிமிடத்தில் ஊசி போட்டாகிவிட்டது. தாளில் பச்சை மை. அவர் காய்ச்சலோடு வேலைக்குப் போன ஐந்து நாள், அதாவது நூற்றிருபது மணி நேரம், எந்தத் தாளிலும் இல்லை. விடுப்புக்குச் சம்பளம் உள்ளவருக்கு முதல் நாள் காய்ச்சல் ஒரு தொந்தரவு. அன்றாடக் கூலிக்காரருக்கு அது ஒரு பேரம். இன்று போகாவிட்டால் இன்றைய பணம் போகும். ஒருவேளை வேலையே போகும். அதனால் உடம்பு கீழே தள்ளும் வரை போகிறார். இதை ‘விழிப்புணர்வின்மை’ என்று அறிக்கைகளில் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். அவருக்கு எல்லாம் தெரியும். கணக்கும் தெரியும்.

தாமதத்துக்கு இன்னொரு முகம் உண்டு, பதிவேட்டு அறைக்கு வெளியே அதிகம் பேர் கவனிக்காதது. தாமதமாக வருபவர்களில் பலர் வழியில் எங்கோ அரைகுறையாக ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருப்பார்கள். இரத்தத்தை ஆய்வகத்தில் வைத்துக் கிருமியை வளர்த்துப் பார்த்தால் எதுவும் வளராது. சிலருக்கு அந்தச் சோதனை எடுப்பதற்குள் உயிர் போய்விடும். அப்போது நான் எழுதுவது ஏ41.9, ‘உயிரி குறிப்பிடப்படாத செப்சிஸ்’. அல்லது ஜே18.9, குறிப்பிடப்படாத நிமோனியா. உங்கள் அறிக்கையில் ‘குறிப்பிடப்படாதவை’ என்ற வரிசை எப்போதும் தடிமனாக இருக்கும். யாரும் அதைப் பற்றி ஒரு பத்தி கூட எழுத மாட்டார்கள். அந்த வரிசையில் யார் கூடுதலாகக் குவிகிறார்கள் என்பதைப் பிரித்துப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். என் மேசையிலிருந்து பார்த்தவரை எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. ஆனால் ஒரு மேசையின் ஊகம் ஆதாரமாகாது, நீங்கள்தான் எண்ண வேண்டும்.

கடைசியாக, வீடு திரும்பிய பிறகு. காசநோய் வந்த குடும்பங்களில் ஏறத்தாழ பாதி, ஆண்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரே நோய்க்காக இழக்கின்றன என்று பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மருந்து இலவசமாகக் கிடைக்கும் இடங்களிலும்தான். போக்குவரத்து, கூடுதல் உணவு, இழந்த கூலி என்று பணம் வேறு ஓட்டைகள் வழியே வடிகிறது. ஆக, நோய் இல்லாமையை ஆழமாக்குகிறது; ஆழமான இல்லாமை அடுத்த நோய்க்கு இடம் பிடித்து வைக்கிறது. நான் சொன்ன வீட்டில் மூதாட்டிக்குக் காசநோய் வந்தது, சம்பாதித்தவர் இறந்த ஆண்டிலேயே. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

2017-இல் உலகெங்கும் 4.89 கோடி செப்சிஸ் நேர்வுகள், 1.1 கோடி இறப்புகள் என்பது 2020-இல் வெளியான ஒரு பெரிய மதிப்பீடு. உலகில் ஐந்து இறப்புகளில் ஒன்று. சமூக, பொருளாதார வளர்ச்சியில் கீழ்ப்படிகளிலும் நடுப்படியிலும் இருக்கும் நாடுகளில்தான் நேர்வுகளில் சுமார் 85 சதவீதம். நாடுகளுக்கு இடையே இவ்வளவு பெரிய ஏற்றத்தாழ்வைப் படம் போட்டுக் காட்டத் தெரிந்த நமக்கு, ஒரே நகரத்தின் இரண்டு தெருக்களுக்கு இடையே இருப்பதைக் காட்டக் கூச்சமாக இருக்கிறது.

சராசரி செய்யும் கெடுதலையும் சொல்ல வேண்டும். ஒரு மாவட்டத்தில் நிமோனியா இறப்பு குறைந்தது என்று நீங்கள் எழுதினால், நிதி ஒதுக்குபவர் மகிழ்ந்து அடுத்த பக்கத்துக்குப் போவார். வசதியான பகுதிகளில் மட்டும் குறைந்து மற்ற இடங்களில் அப்படியே இருந்திருந்தாலும் சராசரி குறையத்தான் செய்யும். புதிய தடுப்பூசி, புதிய சிகிச்சை எது வந்தாலும் அது முதலில் வசதியுள்ளவர்களைச் சென்று சேர்கிறது, அதனால் தொடக்கத்தில் இடைவெளி விரிகிறது என்று பிரேசிலின் செசார் விக்டோராவும் அவருடைய சகாக்களும் 2000-இல் எழுதினார்கள். அதற்கு முன்பே, 1971-இல், வேல்ஸில் பொது மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட், நல்ல மருத்துவம் தேவை அதிகமுள்ள இடத்தில் குறைவாகவும் தேவை குறைந்த இடத்தில் அதிகமாகவும் கிடைக்கிறது என்று சொல்லி அதற்குத் தலைகீழ்ப் பராமரிப்பு விதி என்று பெயரிட்டார். நிதியைத் தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பங்கிடுபவர் நியாயமாக நடந்துகொண்டதாக நினைத்துக்கொள்கிறார். அவர் கையில் வேறு அட்டவணையைக் கொடுத்தால் வேறு மாதிரி பங்கிடுவார் என்று உறுதி சொல்ல மாட்டேன். குறைந்தபட்சம், தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது.

மறுப்புகள் வரும். சில நியாயமானவை.

ஒரு பகுதியை ‘நோய்ப் பகுதி’ என்று முத்திரை குத்திவிடுவார்கள் என்பது முதல் மறுப்பு. இதை நான் மிகவும் மதிக்கிறேன். காலரா காலத்திலிருந்தே ஏழைகள் நோயைச் சுமந்ததோடு அதற்கான பழியையும் சுமந்திருக்கிறார்கள். அதனால்தான் தெருப் பெயர்களை வெளியிடாதீர்கள் என்கிறேன். நாடு முழுவதும் உள்ள சிறு பகுதிகளை இல்லாமை அளவின்படி ஐந்து சம பங்குகளாக்கி, அந்த ஐந்துக்கு மட்டும் எண்களைக் கொடுங்கள். எண்ணிக்கை மிகச் சிறிதாக இருக்கும் கட்டங்களை மறைத்துவிடுங்கள். அரிய நோய்களுக்கு இதை நீங்கள் ஏற்கெனவே செய்கிறீர்கள்.

பகுதியின் நிலை தனிமனிதரின் நிலை ஆகாது என்பது இரண்டாவது. உண்மை. பின்தங்கிய பகுதியில் பணக்காரர் இருப்பார், வசதியான பகுதியின் பின்கட்டில் வேலைக்காரர் வாழ்வார். பகுதி அளவு என்பது மங்கலான கண்ணாடி. கண்ணை மூடிக்கொள்வதைவிட மங்கலாகத் தெரிவது மேல். தெளிவு வேண்டுமென்றால் சேர்க்கைத் தாளில் மூன்று கேள்விகளைச் சேருங்கள்: ஒரு அறையில் எத்தனை பேர் தூங்குகிறீர்கள், வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் உண்டா, உடம்பு சரியில்லாமல் போய் எத்தனையாவது நாள் இது. சொல்ல விருப்பமில்லை என்பதற்கும் ஒரு கட்டம் இருக்கட்டும். விடை மருத்துவச் செலவையோ வரிசையையோ பாதிக்காது என்று அங்கேயே எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

வேலைப்பளு என்பது மூன்றாவது. செப்சிஸ் கடிகாரத் தாளை நுழைத்தபோதும் இதையே சொன்னோம், நான் உட்பட. ஒரே மாதத்தில் பழகிவிட்டது.

வறுமையை ஒழிப்பது சுகாதாரத் துறையின் வேலையா என்று கேட்பவர்கள் கடைசி. இல்லைதான். கொசுவை யாரும் மருத்துவமனைக்குள் வைத்து ஒழிப்பதில்லை, ஆனாலும் எங்கே அதிகம் என்று எண்ணிச் சொல்வது உங்கள் துறைதான். வீட்டுவசதித் துறைக்கும் தொழிலாளர் துறைக்கும் நீங்கள் கட்டளையிட முடியாது. அவர்கள் மேசையில் ஓர் அட்டவணையை வைக்க முடியும்.

செய்முறையில் ஓர் எச்சரிக்கை. வயதைச் சரிக்கட்டாமல் வெளியிட்டுவிடாதீர்கள். பின்தங்கிய பகுதிகளில் இளையவர்கள் அதிகமாக இருப்பது உண்டு. செப்சிஸும் நிமோனியாவும் முதியவர்களை அதிகம் கொல்லும். வெறும் எண்ணிக்கையைப் போட்டால் ஐந்து பங்குகளும் ஏறத்தாழ ஒன்றாகத் தெரிந்து, ‘பார்த்தீர்களா, வேறுபாடே இல்லை’ என்று யாராவது பெருமூச்சு விடக்கூடும். நோயாளிகளை மட்டும் எண்ணுவதும் போதாது. ஒவ்வொரு பங்கிலும் வாழும் மொத்த மக்கள்தொகை கீழே இருந்தால்தான் வீதம் வரும். இரண்டுக்கும் தேவையானவை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்தில் தூங்குகின்றன. ஒரு கடிதம் போதும்.

அடுத்த ஆண்டு அறிக்கைக்கான வேலையை இப்போதே தொடங்கியிருப்பீர்கள். வயது வாரியான அட்டவணைக்கு அடுத்த பக்கத்தில் ஐந்தே வரிசைகள் கொண்ட இன்னோர் அட்டவணைக்கு இடம் விடுங்கள். முதல் ஆண்டு அதில் பாதி கட்டங்கள் காலியாக இருந்தாலும் அப்படியே அச்சிடுங்கள். காலியாக இருப்பதைப் பார்த்தால் கீழே இருப்பவர்கள் நிரப்பி அனுப்புவார்கள். பதிவேட்டு அறைகளின் இயல்பு அது. இசட் 59-ஐ எப்போது, எப்படி எழுதுவது என்று இளைய ஊழியர்களுக்குச் சொல்லித்தர ஆள் தேவைப்பட்டால் எனக்கு நேரம் இருக்கிறது. இரண்டு பிற்பகல்கள் போதும். செவிலியர்களையும் அழைத்து உட்கார வையுங்கள், பென்சில் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவப் பதிவேட்டு ஊழியர் ஒருவர்